பெட்டியை மூடலாமா?

சென்ற ஆண்டு எமது பாடசாலையில் நடைபெற்ற கண்காட்சியொன்றின்போது நாம் செய்த சிறு காரியமொன்று இன்றும் எம் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கின்றது. காரியம் மிகச் சிறியது. அதனைக் குற்றமென்று கூறுவோர் பலர் இரார். ஆயினும் அதனைப் பற்றி எண்ணுந்தோறும், ஓர் ஆசிரியரின் தனிப்பட்ட தவறு என்ற எல்லையை அது கடந்துவிடுகின்றது. நம் காலத்துக்குரிய பெரியதொரு வினாவின் வாயிலிற் கொண்டுபோய் எம்மை நிறுத்துகின்றது. அவ்வினாவை வாசகர்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலர் காகிதத்தினாற் பொறிப்பாவைகள் செய்திருந்தனர். ஒரு சாண் உயரங்கூட இல்லாத காகிதப் பெட்டி. அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடி. மேலே ஒரு பறவை, அல்லது ஒரு கொல்லன், அல்லது தலையாட்டும் ஓர் ஆடு. கைப்பிடியைச் சுழற்றினாற் பறவை சிறகடிக்கும். கொல்லன் சம்மட்டியை ஓங்கி அடிப்பான். மின்கலம் இல்லை, முறுக்கிவிட்ட வில்லும் இல்லை. சுழற்றுபவரின் கை நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

இவற்றைச் செய்வது பார்வைக்குத் தோன்றுமளவு எளிதன்று. கைப்பிடியின் இயக்கம் வட்ட இயக்கம். சிறகுக்கு வேண்டியதோ மேலுங் கீழுமான இயக்கம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதே பெட்டிக்குள் நிகழும் வேலை. பறவைக்கு, அச்சின் நடுவே ஒரு வளைவு வேண்டும். அவ்வளைவு அச்சின் மையத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் விலகியிருந்தால், அதிற் பொருத்திய தண்டு இரண்டு சென்ரிமீற்றர் ஏறி இறங்கும். கொல்லனுக்கு, நத்தையோட்டின் வடிவில் வெட்டிய வட்டு வேண்டும். அது சுழலச் சுழல, அதன்மேற் படிந்திருக்குந் தண்டு மெல்ல மெல்ல உயர்ந்து, வட்டின் விளிம்பு திடீரெனத் தாழுமிடத்திலே சட்டென்று விழும். அந்த விழுகையே சம்மட்டியின் அடி. காகிதக் கை இலேசானதாகையால் முதலில் விழ மறுத்தது. சம்மட்டியின் பின்புறத்தில் ஐந்து ரூபா நாணயமொன்றை ஒட்டிய பின்னரே கொல்லன் கொல்லனானான். பசை காயுமுன் ஆவலோடு சுழற்றி, அச்சு பெட்டியோடு ஒட்டிக்கொண்ட கதை ஒவ்வொரு மாணவரிடமும் உண்டு. மரத்தைப்போலக் காகிதத்துக்கும் ஓர் இழையோட்டம் உண்டென்பதை, பிரிஸ்டல் போட்டைக் குறுக்கே மடித்து வெடிக்கச் செய்த பின்னர்தான் நாமும் அறிந்தோம். விரித்தபடி நிற்கமாட்டாத தாள், சதுரக் குழலாக மடிக்கப்பட்டதும் ஒரு பாவையின் சுமையைத் தாங்கி நிமிர்ந்து நின்றது.

ஒரு நாள் மாணவனொருவன் கொல்லனின் கைப்பிடியை எதிர்ப்புறமாகச் சுழற்றினான். கொல்லன் அசையவில்லை. வலிந்து சுழற்றவே தண்டு முறிந்தது. பிறர் அவனைத் திட்டினர். அவனோ முறிந்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவண்ணம் வெகுநேரம் இருந்தான். ஒரு பக்கமாகச் சுழலும்போது சரிவாக இருக்கும் வட்டின் விளிம்பு, மறுபக்கமாகச் சுழலும்போது சுவராகிவிடுகின்றது. தண்டு அச்சுவரில் முட்டிக்கொள்கின்றது. இதனை அவனே கண்டு, அவனே மற்றையோர்க்குச் சொன்னான். நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் அதனைப் பரீட்சைக்காக நினைவிற் கொண்டு, பரீட்சைக்குப்பின் மறந்திருப்பான்.

இனி எமது தவறுக்கு வருவோம். கண்காட்சியைத் திறந்துவைக்க மேலிடத்திலிருந்து விருந்தினர் வருவதாக இருந்தது. முதல்நாள் மாலை மேசைகளைப் பார்வையிட்டபோது, பாவைகளின் பெட்டிகள் எமக்குச் சற்று அலங்கோலமாகத் தோன்றின. பழைய கொப்பி மட்டைகளில் வெட்டிய வட்டுகள், பசை வழிந்த மூலைகள், நாணயம் ஒட்டிய சம்மட்டி. எல்லாம் வெளியே தெரிந்தன. மினுக்குத் தாள் வாங்கிவரச் செய்து பெட்டிகளின் நான்கு பக்கங்களையும் மூடும்படி பணித்தோம். கொல்லனைச் செய்த மாணவி தயங்கினாள். "சேர், மூடினா அது எப்பிடி ஆடுதெண்டு ஆருக்கும் விளங்காதே" என்றாள். விளங்கவேண்டியதில்லை, பார்த்து மகிழ்ந்தாற் போதும் என்று சொல்லிவிட்டோம். அவள் மூடினாள்.

மறுநாள் விருந்தினர் கைப்பிடியைச் சுழற்றினர், வியந்தனர், கைதட்டினர். அவர்களுள் ஒருவர் எம்மிடந் திரும்பி, இதனை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று வினவினார். மாணவி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பெட்டியை மூடியது பிழையா? நாம் எவரிடமும் பொய்யுரைக்கவில்லை. எவருடைய பொருளையும் கவரவில்லை. மூடிய பெட்டிக்குள் ஏமாற்று எதுவும் இருக்கவுமில்லை. இருந்தும் ஏதோவொன்று அங்கே பறிபோயிற்று. அது யாது என்பதே எமது வினா.

பொறிகளை மறைத்து வைக்கும் பழக்கம் மிகத் தொன்மையானது. கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், கோயிற் கதவுகள் தாமே திறக்கும் பொறியொன்றை விவரித்துள்ளார். பலிபீடத்தில் தீ மூட்டினால், கீழே அடைபட்ட காற்று வெப்பத்தால் விரிந்து, ஒரு பாத்திரத்திலுள்ள நீரை வாளியொன்றினுட் தள்ளும். வாளி கனத்துத் தாழும். அதனோடு பிணைத்த கயிறுகள் நிலத்தடியிலுள்ள தண்டுகளைச் சுழற்றக் கதவுகள் திறக்கும். அவியுந் தீயோடு கதவுகளும் மூடிக்கொள்ளும். அருமையான பௌதிகம்! ஆனால் அத்தகைய பொறியின்முன் நிற்கும் பக்தனுக்கு அது பௌதிகமாகத் தோன்றுவதில்லை. பொறி நிலத்தடியில் இருக்குமட்டும் அவன் காண்பது தெய்வத்தின் இசைவு. அவ்விசைவுக்கு வாயிலாக நிற்பவன் பூசகன். வாளியையும் கயிற்றையும் காட்டிவிட்டாற் கதவு திறக்கத்தான் செய்யும். பூசகனின் அதிகாரந்தான் திறந்தபடி நிற்காது.

இதற்கு மாறானதொரு மரபும் உண்டு. யப்பானில் 1796ஆம் ஆண்டு ஹொசொகாவா ஹன்சோ என்பார் மூன்று பாகங்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டார். கரக்குரி சூயி என்பது அதன் பெயர். கடிகாரங்களும் பொறிப்பாவைகளும் செய்யும் முறைகள் உறுப்பு உறுப்பாக அதில் வரைந்து காட்டப்பட்டுள்ளன. விருந்தினருக்குத் தேநீர் கொண்டுசெல்லும் பாவை அவற்றுட் பேர்பெற்றது. அதன் கையிலுள்ள தட்டிற் கிண்ணத்தை வைத்தால் நடக்கும், எடுத்தால் நிற்கும், வெறுங் கிண்ணத்தை வைத்தால் திரும்பி வந்த வழியே செல்லும். திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகட்டெலும்பே அதன் வில்லாக அமைந்தது. அந்நூலின் படங்களைக் கொண்டே இருபதாம் நூற்றாண்டில் அப்பாவையை மீண்டுஞ் செய்ய முடிந்தது. தொழிலின் மறைபொருளைத் தம் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளாது அச்சேற்றிய அம்மனிதர்மீது எமக்குத் தனியான மதிப்பு உண்டு.

இன்று காகிதப் பொறிப்பாவை செய்வோரும் அம்மரபினரே. யப்பானின் கெய்சுகே சாக்கா, கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்த ஆசிரியராயிருந்து காகிதப் பொறிஞரான இங்கிலாந்தின் ராப் ஐவ்ஸ், மரத்திற் பாவைகள் செய்து புகழ்பெற்று 1986இல் வெட்டி ஒட்டும் காகித விலங்குகளை நூலாக வெளியிட்ட போல் ஸ்பூனர் ஆகியோர் தம் பொறிகளின் வரைபடங்களைப் பொதுமக்கள் கையிலே கொடுத்தவர்கள். இவர்களுடைய பாவைகளிற் பலவற்றில் வட்டும் தண்டும் பற்சில்லும் பார்ப்பவர் கண்முன்னே சுழல்கின்றன. பாவைக்குக் கொடுக்கப்படும் இடமே பொறிக்குங் கொடுக்கப்படுகின்றது.

பொறியைக் காட்டிவிட்டால் வியப்பு அழிந்துவிடுமே என்பர் ஒருசாரார். நாமும் அன்று மாலை அவ்வாறே எண்ணினோம் போலும். இஃது உண்மையன்று. யப்பானின் புன்ராக்குப் பாவைக்கூத்தில் ஒரு பாவையை மூவர் இயக்குகின்றனர். மூவரும் மேடையில் வெளிப்படையாகவே நிற்கின்றனர். தலைமையானவர் பெரும்பாலும் முகத்தைக்கூட மறைப்பதில்லை. பார்ப்போர் கண்ணீர் விடுகின்றனர், பாவைக்காக. எமது நாட்டுக்கூத்திலும் அண்ணாவியார் மத்தளத்துடன் களரியிலேயே நிற்கின்றார். அதனால் எந்த அரசனும் அரசனல்லாது போய்விடவில்லை. கொல்லன் எவ்வாறு அடிக்கின்றான் என்று நன்கறிந்த அம்மாணவர்களே, அவன் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் சிரித்தனர். அறியாமையிற் பிறக்கும் வியப்புக்கும் அறிவிற் பிறக்கும் வியப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையது நம்மைக் கைகட்டி நிற்கச் செய்யும்; பின்னையது கத்தரிக்கோலை எடுக்கச் செய்யும்.

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனம் முதற் பாகத்திலே, வளர்ச்சியுற்ற இயந்திரம் எதுவும் மூன்று பகுதிகளைக் கொண்டதென விளக்குகின்றார்: இயக்கத்தைத் தருவது, அதனைக் கடத்தி மாற்றுவது, வேலையைச் செய்வது. எமது மாணவியின் பெட்டியிலும் அம்மூன்றும் உள்ளன: கைப்பிடி, வட்டு, சம்மட்டி. ஆலைத் தொழிலாளி இம்மூன்றில் ஒன்றன் ஒரு மூலையிலே நின்று தன் வாழ்நாளைக் கழிக்கின்றான். இயக்கம் எங்கிருந்து வருகின்றது, எங்கே சென்று முடிகின்றது என்பது அவன் கண்ணுக்கு எட்டாதது. ஆட்டி வைக்கப்படுபவன் அவனே. ஆயினும் ஆட்டும் கை எதுவென்று அவன் காண்பதில்லை. ஒரு சாண் பெட்டிக்குள்ளேனும் காரணத்திலிருந்து காரியம்வரை முழுவதையும் ஒருமுறை கண்ணாரக் கண்ட பிள்ளை, பின்னொரு நாள் பெரிய பெட்டியொன்றின் முன் நிற்கும்போது இதன் கைப்பிடி எங்கே என்று கேட்கக்கூடும். கேட்காமலும் போகலாம். காகிதப் பறவை புரட்சி செய்யும் என்று கூறுமளவு நாம் பேதையரல்லோம்.

மறைப்பின் இன்னொரு வகையையும் இங்கே நோக்குதல் வேண்டும். 1770இல் வியன்னா அரசவையில் வொல்ப்காங் வொன் கெம்பலன் என்பவர் சதுரங்கம் ஆடும் பொறிப்பாவையொன்றைக் காட்டினார். துருக்கியன் வேடம் பூண்ட அப்பாவை ஒரு பெரிய பெட்டியின் பின்னே வீற்றிருந்தது. ஆட்டம் தொடங்குமுன் பெட்டியின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். உள்ளே பற்சில்லுகள் பளபளக்கும். மெழுகுதிரியைப் பிடித்து மறுபுறமிருந்தும் காட்டுவார்கள். பார்ப்போர் ஐயந் தீர்வர். உண்மையில் உள்ளே சதுரங்க வல்லுநர் ஒருவர் நகரும் இருக்கையில் அமர்ந்து, திறக்கப்படும் கதவுக்கேற்ப இப்பக்கமும் அப்பக்கமும் ஒதுங்கிக்கொண்டிருந்தார். இருட்டில் அவர் தம் சிறு மெழுகுதிரியின் ஒளியிலே காய்களின் நிலையறிந்து ஆடினார். அத்திரியின் மணம் வெளியே தெரியாதிருக்கப் பெட்டியின்மேல் வேறு மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டன. 1809இல் நெப்போலியனும் அப்பொறியோடு ஆடித் தோற்றான். 1854இல் பிலடெல்பியாவில் ஏற்பட்ட தீயில் அது எரிந்தது.

இக்கதையில் எம்மை அச்சுறுத்துவது மனிதனை மறைத்தது மட்டுமன்று. கதவைத் திறந்து காட்டியே மறைத்தார்கள் என்பதுதான். சில்லுகளைக் காட்டுவதும் உண்மையைக் காட்டுவதும் ஒன்றல்ல. திறந்த கதவும் ஒரு திரையாகலாம்.

2005இல் அமேசான் நிறுவனம் இணையவழி வேலைத்தளமொன்றைத் தொடங்கி, அப்பொறித் துருக்கியனின் பெயரையே அதற்குச் சூட்டியது. கணினியாற் செய்யவியலாத சிறுசிறு வேலைகளை உலகெங்குமுள்ள மனிதர் சில்லறைக் காசுக்குச் செய்துகொடுப்பர். பெயர் வைத்தவர்கள் வரலாறு அறிந்தவர்கள். நகைச்சுவை உணர்வும் உடையவர்கள். பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு அந்நகைச்சுவை எவ்வளவு இனித்ததோ! இன்று செயற்கை நுண்ணறிவு தானே எண்ணித் தானே பேசுகின்றதென்று வியக்கின்றோம். அதற்குப் பயிற்சியளிப்பதற்காக, மனிதர் படிக்கவொண்ணாத வன்மமும் ஆபாசமும் நிறைந்த எழுத்துக்களைக் கென்யாவில் இருந்த தொழிலாளர் நாள்முழுதும் படித்துத் தரம்பிரித்தனர் என்பதும், அவர்களுக்கு மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவான கூலி கிடைத்தது என்பதும் 2023இல் வெளிவந்தன. துருக்கியனின் பெட்டிக்குள் ஒருவர் இருந்தார். இப்பெட்டிக்குள் எத்தனை பேர்?

இவ்வாறு சொல்வதனால் எல்லா மூடலும் தீதென்று கூறினோமாகக் கொள்ளற்க. 1844இல் பிரித்தானியாவில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம், ஆலை இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்கு வேலியிட வேண்டுமென விதித்தது. கூந்தலும் விரலும் பற்சில்லிற் சிக்கிய பெண்களும் பிள்ளைகளும் அதற்குமுன் எத்தனையோ பேர். அவ்வேலி பொறியை மறைக்கத்தான் செய்தது. ஆனால் அது தொழிலாளியின் உடம்புக்காக எழுந்த மறைப்பு. அதற்கு மாறாக, இன்றைய கைத்தொலைபேசிகள் பல, உரியவரே திறக்கவியலாதவாறு பசையினால் ஒட்டப்பட்டு வருகின்றன. பழைய வானொலிப் பெட்டிகள் சிலவற்றின் உட்புறத்தில் அவற்றின் சுற்றுப்படமே ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். பொருளைப் பழுதுபார்க்கும் வாய்ப்பை வாங்கியவருக்கு உறுதிசெய்ய ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே மூடியதா திறந்ததா என்று மட்டுங் கேட்டாற் போதாது. எவர் பொருட்டு மூடப்பட்டது, கேட்பவருக்குத் திறக்கப்படுமா என்று கேட்டல் வேண்டும்.

அவ்வாறு கேட்டால் எம் நிலை என்ன? மினுக்குத் தாள் எந்தப் பிள்ளையின் விரலையும் காக்கவில்லை. அது விருந்தினரின் கண்ணுக்காகவும், உண்மையைச் சொன்னால், எம்முடைய பெயருக்காகவும் ஒட்டப்பட்டது. பொறி மறைந்தபோது அதைச் செய்த கையும் உடன் மறைந்தது. ஆதலால்தான் கடையின் பெயர் கேட்கப்பட்டது. கேட்டவர்மீது குற்றமில்லை. பசை வழிந்த மூலையைக் கண்டிருந்தால் அவர் அவ்வினாவைக் கேட்டிருக்கவே மாட்டார்.

எம்மோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவருக்கு இவை எதுவும் உடன்பாடில்லை. அவருடைய கேள்வி வேறு. 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள், காகிதமும் அச்சுமையும் கிடைக்காமையால் ஒத்திவைக்கப்பட்டன. பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கப் பெற்றோர் அல்லற்பட்டதை ஆசிரியர் யாவரும் அறிவோம். அத்தகைய நாட்டில் காகிதத்தை வெட்டிப் பறவை செய்வது அறமா என்றார் அவர். திறந்த பெட்டி என்கின்றீர்களே, அந்தக் காகிதம் எங்கே, எவரால், என்ன கூலிக்குச் செய்யப்பட்டதென்று உம் பெட்டி காட்டுகின்றதா என்றும் கேட்டார்.

முதற் கேள்விக்கு எம்மிடம் அரைகுறையான விடையே உண்டு. எழுதித் தீர்ந்த கொப்பிகளின் மட்டையையும் சவர்க்காரப் பெட்டிகளையுமே பெரும்பாலும் பயன்படுத்தினோம். அச்சுக்கு ஈர்க்கு வளைந்துகொடுத்ததால் மூங்கிற் குச்சி வாங்கினோம். பிரிஸ்டல் போட்டும் சிறிது வாங்கினோம். மினுக்குத் தாளுக்குச் செலவிட்ட பணம் இவையனைத்துக்கும் ஆன செலவைவிடக் கூடியது என்பதையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடையில்லை. எந்தப் பெட்டியும் முழுதாகத் திறந்ததன்று. வைக்கோலைக் கொண்டு காகிதஞ் செய்த வாழைச்சேனை ஆலையைப் பற்றி அடுத்த தவணையில் மாணவரோடு பேசலாம் என்றோம். அதற்கு அவர் சிரித்தார்; ஆனால் ஆலையைப் பற்றித் தாமும் சில சொல்லக்கூடும் என்றார்.

பிறர் வரைந்த படத்தை வெட்டி ஒட்டும் பிள்ளை எதனைக் கற்கின்றது என்ற ஐயமும் எமக்கு உண்டு. முதல் வாரத்தில் நாம் கொடுத்த படத்தைக் கொண்டு இருபது பிள்ளைகள் இருபது ஒரேமாதிரியான பறவைகளைச் செய்தனர். எண்ணம் ஒருவருடையது, கை இருபதுபேருடையது. அஃது ஆலையின் ஒழுங்கேயன்றி வேறென்ன? கொல்லன் அப்படத்தில் இருக்கவில்லை. அம்மாணவியின் தந்தை கொல்லுலையில் வேலைசெய்பவர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

கண்காட்சி முடிந்த மறுவாரம் அவளிடம் மினுக்குத் தாளை உரித்துவிடலாம் என்றோம். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் ஆசிரியர்களாகிய எம்மிடம் அதிகம் இல்லை, அன்று கேட்டோம். அவள் ஒன்றுஞ் சொல்லவில்லை. உரிக்கும்போது பசை பிடித்த மட்டையும் சேர்ந்து கிழிந்து வந்து, பெட்டி சரிந்துவிட்டது. இப்போது பழைய விஞ்ஞானக் கொப்பி மட்டையொன்றிலே புதிய பெட்டி செய்துகொண்டிருக்கின்றாள். வட்டும் தண்டும் தப்பின. நாணயத்தைத்தான் பழைய சம்மட்டியிலிருந்து இன்னும் கழற்ற முடியவில்லை.